உள்பக்கம் ஒட்டிய முத்திரை

கட்டடத் திறப்புகள் வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு முன்வாசல் உண்டு. பித்தளைக் குமிழ் பதித்த, யானை நுழையக்கூடிய கதவு. கட்டின நாளிலிருந்து அதைத் திறந்ததில்லை. அது உள்பக்கம் திறக்க வேண்டுமா, வெளிப்பக்கம் திறக்க வேண்டுமா என்பதில் வாரியத்துக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. அதனால் பொதுமக்கள் பின்னால் போய், சைக்கிள் கொட்டகைக்குள் குனிந்து, குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். ஊரில் யார் வீட்டில் எந்தக் கதவு, எந்தச் சன்னல் எங்கே இருக்கலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் இவர்கள்தான். மரியாதை தெரிந்தவர்கள் வாரியம் என்பார்கள். ஒருமுறை போய்வந்தவர்கள் ஓட்டை ஆபீஸ் என்பார்கள்.

கண்டக்டரம்மாவும் முதலில் வாரியம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். அவள் புருஷன் அதே பஸ்ஸின் டிரைவர். ஒரே வண்டியில் சண்டை போட்டுப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டிலும் அவள் அவரை டிரைவர் என்பாள், அவர் அவளைக் கண்டக்டர் என்பார். சர்க்கரை வியாதியில் டிரைவருக்கு ஒரு கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. வாழ்நாள் பூரா ஊரைச் சுற்றின மனுஷன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நடுவீட்டுக்கும் பின்னறைக்கும் டிரிப் அடித்துக்கொண்டிருந்தார்.

வீடு சரிவில் இருந்தது. முன்வாசலைத் திறந்தால் செங்குத்தான படிகள். அக்கம்பக்கத்து ஆட்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குவார்கள். சில தடவை அப்படி இறங்கியவர், பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்னறையில் மட்டும் தரையும் வெளியே இருக்கிற சந்தும் ஒரே மட்டம். ஆனால் அங்கே கதவு இல்லை, மார்பளவு உயரத்தில் ஒரு சன்னல்தான் இருந்தது. சந்து நேராகப் பஸ் திரும்புகிற இடத்துக்குப் போகும். டிரைவர் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, பார்க்க முடியாத பஸ்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"கிளட்ச்ச மிதிக்காம கியர் போடறான் பாரு. வண்டி அழுவுது," என்பார். 

கண்டக்டரம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, சன்னலை எடுத்துவிட்டு அங்கே ஒரு கதவு வைத்துக்கொடு என்றாள். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, சுலபமான வேலை என்று சொல்லி, முதல் காரியமாகச் சன்னல் கம்பிகளை அறுத்துப் போட்டார். கடப்பாரையைக் கையில் எடுத்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"அனுமதி வாங்கிட்டீங்கல்ல?"

"என் வீட்டுச் சுவர இடிக்க எனக்கு எதுக்கு அனுமதி?"

கொத்தனார் கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டு மட்டப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். "வாங்கிட்டுச் சொல்லி அனுப்புங்கம்மா. கடப்பாரை இங்கயே இருக்கட்டும்."

அப்படித்தான் அவள் சைக்கிள் கொட்டகைக்குள் குனிந்தாள்.

சன்னல் பிரிவில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "சன்னல ரத்து பண்ணணும்னா அங்க சன்னல் இருக்கக் கூடாதும்மா. அடைச்சு சுவராக்கிட்டு வாங்க, உடனே ரத்து பண்ணிடலாம்."

கதவுப் பிரிவுக்காரர் அதைவிட நல்ல மாதிரி. "கதவு வெக்கணும்னா அங்க ஏற்கெனவே ஒரு திறப்பு இருக்கணும். நீங்க அடைச்சுட்டு வந்தா அது சுவர். சுவர்ல போயி எப்படிக் கதவு குடுக்கறது?"

"அப்ப சுவருக்கு எந்த ரூமுக்குப் போகணும்?"

"சுவருக்கு இங்க பிரிவே கிடையாது. திறப்பு மட்டும்தான் எங்க வேலை. சுவர் யாருக்கும் சேராது," என்றார் அவர், பெருமையாக.

கண்டக்டரம்மா அந்த வார்த்தையை டிக்கெட் மாதிரி பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். பழக்கதோஷம்.

இரண்டு பிரிவுக்கும் நடுவில் பந்தாகி, கடைசியில் மூன்றாவது மாடியில் ஆய்வாளர் அறைக்கு வந்து சேர்ந்தாள். ஆய்வாளர் ஒல்லியானவர். எதைச் சொன்னாலும் அடுத்த ஆணையராகப் போகிறவர் சொல்வது போலச் சொல்வார். யாருக்காகக் கதவு கேட்கிறார்களோ அவர் நேரில் வந்து, தன்னால் வெளியே வர முடியாது என்று நிரூபிக்க வேண்டும் என்றார்.

"அவரால வர முடியாததாலதானே சார் கதவு கேக்கறேன்?"

"அதைத்தான் வந்து சொல்லச் சொல்றோம்."

டிரைவரைப் படி இறக்கி, வண்டி பிடித்து, கொட்டகைக்குள் தலையைச் சாய்க்க வைத்து, மூன்று மாடி தூக்கி ஏற்றினார்கள். லிஃப்ட் இருந்தது, அலுவலர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. வராந்தாவில் நிறுத்தி வைத்துவிட்டு ஆய்வாளர் கூப்பிடவே இல்லை. வெயில் ஏறியது. சர்க்கரை வியாதிக்காரருக்கு அடக்கி வைக்க முடியாது. பொதுமக்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி பியூனிடம், பியூன் டீ குடிக்கப் போயிருந்தார். கண்டக்டரம்மா அறை அறையாக ஓடினாள். அலுவலர் கழிப்பறை திறந்துதான் இருந்தது. அது அலுவலர் கழிப்பறை.

அவள் திரும்பி வந்தபோது டிரைவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நாற்காலிக்கு அடியில் தரை நனைந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஆணையர் தன் பரிவாரத்தோடு அந்தப் பக்கம் போனார். தரையைப் பார்த்தார், மூக்கைச் சுளித்தார்.

"தொடைக்கச் சொல்லுங்க. பொதுமக்கள் வர்ற இடம்," என்றார்.

அவர் போன பிறகு பியூன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சாவியை ஆட்டிக் காட்டினார். "சாவி வந்துடுச்சு. யாருக்கு வேணும்?"

ஆய்வாளர் கடைசியில் கூப்பிட்டார். டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு மாடி ஏறி வந்திருக்கார். இவரு வெளிய வர முடியாதவர்னு நான் எப்படி எழுதறது?" என்று சொல்லி நிராகரித்தார்.

வீட்டுக்கு வந்த டிரைவர் படுக்கப் போகும்போது ஒன்று சொன்னார். "கண்டக்டர், கதவு வேணாம். விட்டுடு."

அன்றோடு கண்டக்டரம்மா வாரியம் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கதவு வேண்டும். அதற்கு மேல் இன்னொன்றும் வேண்டும். அது என்னவென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் மேல்முறையீடு செய்தாள். மேல்முறையீடு செய்ததற்கு உடனே பலன் கிடைத்தது. முத்திரை உதவியாளர் அரக்கு, சிவப்பு நாடா, பசைச் சட்டியோடு படியேறி வந்துவிட்டார். நரைத்த தலை, கோபமே வராத முகம். புதுக் கதவு விவகாரம் முடிகிறவரை பழைய கதவை மூடி முத்திரை வைக்க வேண்டுமாம்.

"எதுக்குங்க?"

"வீட்டுக்கு ஒரு கதவுதாம்மா கணக்கு. இப்ப உங்களுக்கு ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு நிலுவையில இருக்கு. ஒண்ணரைக் கதவு ஆயிடுதுல்ல."

சொல்லிக்கொண்டே அவர் வீட்டுக்குள் வந்து, முன்கதவைச் சாத்தி, உள்பக்கமாக நாடாவை ஒட்டி அரக்கு வைத்தார். முத்திரையை உள்பக்கம்தான் ஒட்ட வேண்டும். வெளியே ஒட்டியவை மழையில் நனைந்து போனதால் ஆணையரே போட்ட உத்தரவு. வேலை முடிந்து, பசைச் சட்டியை மூடி, புறப்படத் திரும்பியபோதுதான் தானும் உள்ளே இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"வெளிய போக வேற வழி இருக்காம்மா?"

கண்டக்டரம்மா கம்பியில்லாத சன்னலைக் காட்டினாள். ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். அவர் மறுபக்கம் குதித்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "எப்பவுமே இப்படித்தாம்மா ஆயிடுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இதை யாராவது கிழிச்சா என்னங்க பண்ணுவாங்க?" என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"வீட்டுக்காரங்க கிழிச்சா ஜெயில். எங்க ஆளு கிழிச்சா வேலை போயிடும். போன வருஷம் ஒரு குமாஸ்தா காத்துல கதவு ஆடுதேன்னு பிடிக்கப் போயி கிழிச்சுட்டார். பாவம், இப்ப காய்கறி விக்கறார். ஆணையரோட உத்தரவு, அவருக்கே விதிவிலக்கு இல்ல."

அவர் போன பிறகு கண்டக்டரம்மா முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்ததால் டிரைவர் பயந்துபோய் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு அவள் சன்னல் வழியாக ஏறி இறங்கிக் காய் வாங்கினாள், மருந்து வாங்கினாள். ஃபுட்போர்டில் தொங்கி டிக்கெட் கிழித்த உடம்பு. அப்புறம் குறை கேட்கும் நாளில் ஆணையர் முன்னால் போய்க் கைகட்டி நின்று, தன் மேல் தானே புகார் கொடுத்தாள்.

"நாங்க சன்னல் வழியா போயி வந்துட்டிருக்கோம் சார். மனசு கேக்கல. தப்புதானே?"

ஆணையர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். சன்னலைக் கதவாகப் பயன்படுத்துவது வாரியத்தின் சரித்திரத்தில் இல்லாத குற்றம். தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வருகிற அன்றைக்குக் கண்டக்டரம்மா வீட்டைக் கூட்டித் துடைத்தாள். குளியலறையோடு சேர்ந்த கழிப்பறையைப் பூட்டி, சாவியை டிரைவர் சட்டைப் பையில் போட்டாள். கொத்தனாரைச் சந்தில் உட்கார்ந்திருக்கச் சொன்னாள். பிளாஸ்கில் டீ நிரப்பி வைத்தாள்.

ஆணையர், ஆய்வாளர், முத்திரை உதவியாளர் மூவரும் சந்து வழியாக வந்தார்கள். முன்வாசலில்தான் முத்திரை இருக்கிறதே. ஆணையர் கனமான மனுஷர். ஸ்டூலில் ஏறி, சன்னலில் வயிற்றை வைத்து, அங்கேயே நின்றுவிட்டார். ஆய்வாளர் வெளியிலிருந்து மரியாதையாகத் தள்ளினார். கண்டக்டரம்மா உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"படியில நிக்காதீங்க. உள்ள வாங்க, உள்ள நிறைய இடம் இருக்கு," என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வார்த்தையை இவ்வளவு ஆசையோடு சொன்னதில்லை.

மூவரும் உள்ளே வந்ததும் பெரிய லோட்டாவில் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் டீ. அப்புறம் மறுபடியும் டீ. வெயிலில் வந்த ஆணையர் மறுக்காமல் குடித்துவிட்டு, தெம்பு வந்து பேச ஆரம்பித்தார். சக்கர நாற்காலியில் இருந்தவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் பதவிக்கு வந்தப்ப இந்த ஊர்ல அவங்கவங்க இஷ்டத்துக்குக் கதவு வெச்சு, இஷ்டத்துக்கு வெளிய போயிட்டிருந்தாங்க. இப்ப பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு. வசதி பண்ணிக் குடுக்கறது பெரிய விஷயமில்லம்மா. வசதி வந்துட்டா ஜனங்க ஆபீசுக்கு வரமாட்டாங்க. வராதவங்களுக்கு நாங்க எப்படி சேவை பண்றது?"

ஆய்வாளர் தலையாட்டினார். ஆணையர் சன்னலை நோக்கிக் கை நீட்டினார். "இது வழியாதான் போறீங்க, வர்றீங்க?"

"ஆமாங்க. நீங்களும் இப்ப அப்படித்தானே வந்தீங்க."

ஆணையருக்கு முகம் சிவந்தது. "மூடுங்க. இப்பவே முத்திரை வைங்க. என் கண் முன்னாடி."

முத்திரை உதவியாளர் ஒரு நிமிடம் தயங்கினார். கண்டக்டரம்மாவைப் பார்த்தார். அவள் மெழுகுவத்தியை ஏற்றி அவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள், அரக்கு உருக்குவதற்கு வசதியாக. அவர் சன்னல் கதவுகளைச் சாத்தி, நாடா ஒட்டி, அரக்கு வைத்து, வாரியத்தின் சின்னத்தை அழுத்தினார். உள்பக்கமாக.

"கிளம்பலாம்," என்றார் ஆணையர்.

முன்கதவுக்குப் போனார். திரும்பி வந்தார். சன்னலைப் பார்த்தார். மறுபடி முன்கதவுக்குப் போனார்.

"பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டுங்க," என்றார் உதவியாளரிடம்.

"ஒட்டறதுதான் சார் என் வேலை. பிரிக்கறது முத்திரை நீக்கும் பிரிவு. நான் தொட்டா வேலை போயிடும். உங்க உத்தரவு சார்."

ஆணையர் தானே கையை நீட்டினார். நீட்டும்போது ஆய்வாளர் கண் கொட்டாமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவரும் பார்த்தார். கையை மடக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். "நீங்க பிரிங்க," என்றார். ஆய்வாளர் அவசரமாக இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

முத்திரை நீக்கும் பிரிவுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஆணையர் கையெழுத்து வேணும் சார். அவரு ஆய்வுக்குப் போயிருக்கார். ஆபீசுக்கு வந்ததும் வாங்கிட்டு வர்றோம்."

"நான்தான்யா ஆணையர்."

"காலையிலேருந்து இதோட எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார் அவர்.

கண்டக்டரம்மா சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். "நிக்காதீங்க, உக்காருங்க. எங்களுக்குப் பழகிப்போச்சு. அவரு ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கார்."

கொஞ்ச நேரம் போனது. தண்ணீரும் டீயும் தங்கள் கடமையைச் செய்தன. ஆணையர் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்து நின்றார். பிறகு, கண்டக்டரம்மாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

"அந்தா இருக்கு. பூட்டியிருக்கு சார். சாவி டிரைவர்கிட்ட இருக்கும்."

ஆணையர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"அவரு டீ குடிச்சிட்டிருக்கார்," என்றாள் கண்டக்டரம்மா.

டிரைவர் நல்ல மனுஷர். அவர் கை சட்டைப் பைக்குத் தானாகப் போனது. கண்டக்டரம்மா நாற்காலிக்கு அடியில் தரையை மட்டும் பார்த்தாள். டிரைவரின் கை நடுவழியில் நின்றது. பிளாஸ்கை எடுத்து இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தார். ஆணையர் அவர் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். எங்கே பார்த்தோம் என்று யோசித்தார். ஞாபகம் வந்தது தெரிந்தது, நெற்றியில் வேர்த்துவிட்டது.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். நீங்க வெளிய போகணும்னா சுவர் இருக்கு. சுவருக்கு உங்க ஆபீஸ்ல பிரிவே கிடையாது, அது யாருக்கும் சேராதுன்னு உங்க ஆளுதான் சொன்னார்."

ஆணையர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் யோசித்துவிட்டு, சட்டப்படி சரிதான் என்றார். ஆனால் இடித்து முடித்த அந்த நொடியில் அது திறப்பாகிவிடும். முன்கூட்டியே கதவு என்று அங்கீகரித்து ஆணையர் கையெழுத்துப் போட்டால்தான் தாங்கள் அதன் வழியாக வெளியே போகலாம் என்றார். ஆணையர் நின்றபடியே, கால்களை இடுக்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார். எந்த விண்ணப்பமும் அந்த வாரியத்தில் அவ்வளவு வேகமாகத் தீர்ந்ததில்லை.

"கொத்தனாரே," என்று கண்டக்டரம்மா சன்னல் பக்கம் குரல் கொடுத்தாள்.

வெளியிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "நான் இங்கேருந்து இடிச்சா மேல சன்னல் ஆடும்மா. முத்திரை விட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? உள்ளேருந்து பதமா எடுக்கணும். கடப்பாரை அங்கதான் சாத்தி வெச்சிருக்கேன்."

ஆக, ஆணையரும் ஆய்வாளரும் சட்டையைக் கழற்றிவிட்டு மாறி மாறி இடித்தார்கள். முத்திரை உதவியாளர் அதிர்வில் அரக்கு உதிர்ந்துவிடாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் சன்னலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு குத்துக்கும் ஆணையர் கண்ணை மூடி மூச்சை அடக்கினார். குத்து விழுவது சுவரில் என்றாலும் வாங்கியது அவருடைய அடிவயிறு. இடையில் இரண்டு தடவை சாவியைக் கேட்டார். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மா பக்கத்தில் நின்று, "கீழ இன்னும் கொஞ்சம். அந்த மூலை. மட்டமா வரட்டும் சார், சக்கரம் தடுக்கக் கூடாது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரக்கமே வரவில்லை. வருமோ என்று காத்துக்கூடப் பார்த்தாள்.

கடைசிச் செங்கல் சந்தில் விழுந்தது. வெளிச்சம் தரையோடு உள்ளே வந்தது. மேலே முத்திரை வைத்த சன்னல் அப்படியே இருக்க, அதற்குக் கீழே ஒரு வழி. நிற்கிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குத் தலை இடிக்காது.

ஆணையர் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். கண்டக்டரம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"யாருக்காகக் கதவு கேட்டோமோ அவருதான் சார் முதல்ல. உங்க விதிதானே, அவரு வெளிய வர முடியுமான்னு நேர்ல பாக்கணும்னு?"

டிரைவர் நாற்காலியை உருட்டி வந்தார். வாசல் நடுவில் நிறுத்தினார். இரண்டு பக்கமும் விரல் நுழைய இடமில்லை. சந்தைப் பார்த்தார். சந்தின் கடைசியில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கிறவரை பார்த்தார். அடுத்தது வந்தது. அதையும் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. அவசரப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

பின்னாலிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டது. அப்புறம் வேறொரு சத்தம், செங்கல் தூளில் தண்ணீர் சொட்டுவது போல. முத்திரை உதவியாளர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆய்வாளர் மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தலைக்கு மேலே பின்பக்கமாக நீட்டினார். கண்டக்டரம்மா அதை வாங்கி ஆட்டினாள்.

"சாவி வந்துடுச்சு," என்றாள். "யாருக்கு வேணும்?"

யாரும் கை நீட்டவில்லை. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினாள். டிரைவர் வண்டியை எடுத்தார்.